மூச்சு வாங்கும் பக்கம்

பெரியவளுக்கு வாரத்தில் பதினோரு மணி நேரம் நீச்சல், சின்னவனுக்கு ஐந்து. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து தொலைத்தால் தொல்லையில்லை. வராது. பெரியவளுக்கு மூன்று நாள் விடியற்காலை, இரண்டு நாள் மாலை. சின்னவனுக்கு மாலை மட்டும்; அதுவும் அக்காவுக்குப் பயிற்சி இல்லாத நாட்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது போல. நடுவில் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவர்கள் அம்மாவின் ஷிஃப்ட். இந்த அட்டவணையைப் போட்ட ஆளுக்குப் பிள்ளைகளும் இருக்க முடியாது, வேலையும் இருக்க முடியாது என்று அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

நீச்சல் வீரர்கள் ஆகட்டும் என்று அவள் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. பள்ளி விடுவதற்கும் தன் ஷிஃப்ட் முடிவதற்கும் நடுவில் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கூரை உள்ள, கதகதப்பான, யாராவது பெரியவர்கள் கண் வைத்திருக்கும் இடம். அந்த இடத்தில் தண்ணீர் இருந்தது தற்செயல். ஒருவர் நீந்தும்போது இன்னொருவர் மேலே கேலரியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார். அவள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு வந்து சேரும்போது இருவருக்கும் தலை ஈரமாக இருக்கும், ஒருவருக்குக் குளத்தில், இன்னொருவருக்குக் கேலரியின் புழுக்கத்தில்.

கார் முழுக்கக் குளோரின் நாற்றம். பின்சீட்டில் எப்போதும் ஓர் ஈரத் துண்டு. சிக்னலில் வண்டி நிற்கும்போது வாழைப்பழத்தை உரித்துப் பின்னால் நீட்டுவாள். பச்சை விழுவதற்குள் தோல் மட்டும் திரும்பி வந்துவிடும்.

அங்கே பெற்றோர்களுக்குப் பெயர் கிடையாது. பிள்ளை எந்தத் தடத்தில் நீந்துகிறதோ அதுதான் பெயர். "இரண்டாவது லேன் இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பிட்டாங்க", "நாலாவது லேனுக்குப் பல்வலி" என்று பேசிக்கொள்வார்கள். அவளுக்கு அது வசதியாக இருந்தது. பெயர் தெரியாதவர்கள் வீட்டு விஷயம் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாள். இரண்டாவது லேன் அம்மா மட்டும் கேட்டுவிட்டாள், முதல் வாரமே. "உங்க வீட்டுக்காரர்?" "வெளியூர்ல வேலை" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியைத் தேடுவது போலக் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். ஒரு பொய் சொல்லத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அதைக் காப்பாற்றத்தான் நிறைய வேலை இருந்தது.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தபோது கோச் அவளை வாசலில் மடக்கினாள். கோச் இளம்பெண்; தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும்.

"அக்கா, ஒரு நிமிஷம். உங்க தவளை விஷயமாத்தான்."

சின்னவனுக்கு அங்கே அதுதான் பேர். அவன் கால் உதைப்பு அப்படி.

"என்ன சேட்டை பண்ணினான்?"

"சேட்டை பண்ணினாத் தேவலையே. மூச்சு எடுக்கறதுதான் பிரச்சினை. போகும்போது இடது பக்கம் திரும்பறான், வரும்போது வலது பக்கம் திரும்பறான். அட, ரெண்டு பக்கமும் பழகிட்டானேன்னு நான்கூடச் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. எப்பவும் கேலரிப் பக்கம்தான்."

"என்னைத் தேடறானோ என்னவோ."

"நீங்க வந்தாலும் அங்கதான் பார்க்கறான், வராட்டாலும் அங்கதான் பார்க்கறான். திருப்பின தலையை மறுபடி தண்ணிக்குள்ள வைக்க மாட்டேங்கறான்கா. நடுக்குளத்துல அப்படியே நின்னுடறான். வாய்க்குள்ள தண்ணி போறதுகூடத் தெரியல. இன்னைக்கு நான் உடுத்தின துணியோட குதிச்சேன்."

அப்போதுதான் அவள் கவனித்தாள். கோச்சின் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்படியே இருந்தான்னா அவனை நான் தண்ணில விட முடியாது. போட்டிக்காகச் சொல்லல. அவனை வீட்லயே வச்சுக்கங்க, வேற வழி இல்ல. ஒரு நாள் நான் வேற பக்கம் பார்த்துட்டிருப்பேன்." வீட்டில் வைத்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள்? அது கோச்சுக்குத் தெரியாது.

காரில் ஏறியதும் கேட்டாள். "மேல என்னடா இருக்கு, கேலரியில?"

"அப்பா" என்றான் சின்னவன், வாழைப்பழத்தை மென்றுகொண்டே.

முன்சீட்டில் பெரியவளின் கட்டைவிரல் போனின் மேல் அப்படியே நின்றது.

"கடைசி வரிசையில. மூலையில. கோட்டு போட்டுட்டு உட்கார்ந்திருக்காரு. காலுக்கு நடுவுல டூல் பேக் வச்சிருக்காரு."

"வேற யாராவது இருக்கும்டா."

"எனக்கு அப்பாவைத் தெரியாதா?"

"அக்காவும் அந்தக் கேலரியிலதானே உட்கார்றா. அவ பார்க்கலையே."

"அவ எங்க பார்க்கறா? போனுக்குள்ள தலைய விட்டுட்டிருக்கா."

"டேய் தவளை, வாய மூடிட்டு வா" என்றாள் பெரியவள். குரலில் வழக்கமான வீம்பு இல்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு எல்லாம் தெரியும்.

அவர்கள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்தப் போவார். போனால் ஒரு மாதம், சில சமயம் மூன்று. அப்பா எங்கே என்று கேட்டால் "சைட்டுக்குப் போயிட்டார்" என்பதுதான் வீட்டில் நிரந்தரப் பதில். கிளம்பும்போது அவர் ஒருநாளும் "போறேன்" என்று சொன்னதில்லை. யார்தான் சொல்வார்கள்? "போயிட்டு வரேன்" என்பார். சின்னவன் படி வரைக்கும் ஓடி, அதில் கடைசிச் சொல்லை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பான். "வரேன்டா" என்று அவர் கீழ்ப் படியிலிருந்து கத்துவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், அவள் ஆய்வகத்தில் டியூப்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவரோடு வேலை செய்யும் பையன் போன் செய்தான். "அக்கா, அண்ணன் போயிட்டாருக்கா" என்றான்.

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டாள் அவள். வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, துணிமணியை எடுத்துக்கொண்டு போனாரோ இல்லையோ என்றுகூட ஒரு யோசனை ஓடியது. எதிர்முனையில் அவன் விசும்ப ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. வாடகை அறையில், தூக்கத்திலேயே, இதயம் நின்றுவிட்டிருந்தது.

பெரியவளை மட்டும் கூட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிட்டு வந்தாள். சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. அனலாகக் காய்ச்சல், ஆய்வகத் தோழி வீட்டில் விட்டிருந்தாள். திரும்பி வந்ததும் அவனை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். "அப்பா போயிட்டாருடா கண்ணா."

அவன் தலையாட்டினான். "இந்தத் தடவை என்கிட்ட சொல்லாமலே போயிட்டாரு" என்றான்.

அவனுக்குப் புரியவில்லை என்பது அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்தது. தான் கேட்ட கேள்வியைத்தான் அவனும் கேட்கிறான், வேறு வார்த்தையில். காய்ச்சல் விடட்டும் என்று விட்டாள். காய்ச்சல் விட்டது. பள்ளி திறக்கட்டும் என்று விட்டாள். பிறகு ஊர் மாறினார்கள். புது ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, துக்கம் கேட்டு வருபவர்கள் இல்லை. படத்தைச் சுவரில் மாட்டினால் ஏன் என்று கேட்பான். அது பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. சொல்ல வாய் வராதவர்களுக்கென்றே ஏற்படுத்தின சொல் அது, "போயிட்டார்". அந்தச் சொல்லின் பாதியில் ஒரு பிள்ளை உட்கார்ந்து மீதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

சின்னவன் அப்பாவைப் பார்த்ததாகச் சொன்னதற்கு மறுநாள் பெரியவளுக்குப் பயிற்சி. அவள் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நேராகக் கேலரிக்குப் படியேறினாள். குளத்தைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. ஆவி படிந்து, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரிசையாக மேலே போனாள். பகல் முழுக்க ரத்தத்தோடு புழங்குகிறவள், ஒரு காலி நாற்காலிக்குப் பயந்தாள்.

கடைசி வரிசை மூலை நாற்காலியில் ஒரு பழுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி தூக்கினபடி, முதுகில் மாட்டியிருந்தது. அடியில், யாரோ விட்டுப்போன கறுப்புப் பை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பென்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரமான நீச்சல் கண்ணாடி வழியாக, ஆவி படிந்த தடுப்பு வழியாக, கீழேயிருந்து பார்த்தால் அது ஆள்தான். ஒளி இரண்டு தடவை வளைந்து வருகிறது, அவ்வளவுதான். கோட்டை எடுத்தபோது அது கதகதவென்று சூடாக இருந்தது. ஆள் உட்கார்ந்து இப்போதுதான் எழுந்து போன சூடு. நாற்காலிக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். சுவரை ஒட்டி வெந்நீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கோட்டையும் பையையும் வாசல் மேஜைக்காரியிடம் ஒப்படைத்தாள்.

"ரெண்டு மாசமா கிடக்குதுங்க, யாரும் கேட்டு வரல" என்றாள் மேஜைக்காரி. "நீங்க வேணா எடுத்துக்கறீங்களா? நல்ல கோட்டு. உங்க வீட்டுக்காரருக்கு ஆகும்."

அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் சின்னவனின் முறை. காரில் ஏறும்போதே அவனுக்கு வாயெல்லாம் பல். "ம்மா! இன்னைக்கு அப்பா கீழ இறங்கி வந்துட்டாரு. நடு வரிசையில உட்கார்ந்திருந்தாரு. கோட்டுகூடப் போடல."

முதல் சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்து, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகும் அவள் கிளம்பவில்லை.

அதற்கு அடுத்த தடவை முன்வரிசை. அதற்கும் அடுத்த தடவை, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், குளத்தங்கரைக்கு இறங்கும் படிக்கட்டில். சின்னவன் ஒவ்வொரு நாளும் அதைப் பள்ளியில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான். அவன் பயப்படவே இல்லை. பயம் அவளுக்குத்தான். ஒரு நாள் காரின் பின்சீட்டில் ஈரத் துண்டுக்குப் பக்கத்தில் தாராளமாக ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அவன் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியில் பின்பக்கம் பார்ப்பதை அன்றைக்கு நிறுத்திவிட்டாள். வண்டியைப் பக்கவாட்டுக் கண்ணாடிகளை மட்டும் வைத்து ஓட்டினாள். பேயில்லை என்று தெரிந்தவள்தான். பிள்ளை ஒவ்வொரு படியாகத் தண்ணீரை நோக்கி அவரை இறக்கிக்கொண்டு வருகிறான் என்பதும் தெரிந்தது. அவர் தண்ணீருக்கு வந்துவிட்டால் இவன் எங்கே போவான்?

ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. உயிருக்கு ஆபத்தான எண் எதுவும் வந்துவிட்டால், அறிக்கை தயாராகும் வரை காத்திருக்கக் கூடாது. உடனே வார்டுக்குப் போன் செய்து வாயால் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வாரம் ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி வந்தது. போனை எடுத்துப் பிசிறில்லாமல் சொன்னாள். மறுமுனையில் நர்ஸ் திருப்பிச் சொன்னாள். போனை வைத்த பிறகு அவளுடைய சீனியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா குரல் நடுங்காம வருது? நான்லாம் எச்சில் முழுங்கிட்டுத்தான் சொல்லுவேன்."

"யாரோ ஒருத்தர் சார், முகம் தெரியாது" என்றாள்.

வீட்டில் அன்றைக்குச் சின்னவன் குளிக்கப் போயிருந்தபோது பெரியவள் சமையலறைக்கு வந்து அலமாரியில் சாய்ந்து நின்றாள்.

"நான் சொல்லட்டுமா அவன்கிட்ட?"

"நீ சும்மா இரு. நான் சொல்றேன்."

"எப்ப? அவனுக்குக் கல்யாணம் ஆகும்போதா?"

"ஏய்."

"ம்மா, என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் எங்கப்பா இல்லன்னு நான் சொல்லிட்டேன். அவங்க தம்பி தங்கச்சி எல்லாம் தவளையோட கிளாஸ். அவங்க வாய்லேர்ந்து வந்தா நல்லாருக்குமா? தினம் நான் சொல்லிடாதீங்கன்னு எல்லாருக்கும் கண்ணைக் காட்டிட்டே திரியறேன்." அவள் குரல் உடைந்தது. "எனக்கும் மூச்சு முட்டுது. நான் அழணும்னாக்கூட அவன் தூங்கற வரைக்கும் வெயிட் பண்ண வேண்டியிருக்கு."

மகள் அழுவது தனக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மகளைத் தொடப் போனாள். பெரியவள் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சின்னவன் குளித்துவிட்டு வந்ததும் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். துண்டு அவன் முகத்தை மறைத்திருந்தது. அது உதவும் என்று நினைத்தாள்.

"கண்ணா, அப்பா இனிமே..."

"தெரியும்" என்றான் துண்டுக்குள்ளிருந்து. "இனிமே பயிற்சிக்கு வர மாட்டாரு. அதான் போட்டி வருதுல்ல. நேரா ஞாயித்துக்கிழமை வந்துருவாரு. கிட்டயே வந்து உட்காருவாரு."

அவள் துவட்டின தலையையே மறுபடி துவட்டினாள்.

"வலிக்குதும்மா!"

அந்த வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சின்னவன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தலையை வைத்தான், எடுத்தான், வைத்தான். முதல் ஆளாகச் சுவரைத் தொட்டான். கோச் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட பேசினீங்களாக்கா?"

"பேசிட்டேன்" என்றாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை இறக்கிடறேன். சொந்தமா கேட்டு வாங்கியிருக்கான், கேலரி ஓரத்து லேன் வேணும்னு. நல்லா நீந்தினா என்ன வேணாலும் கேட்டுக்கட்டும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். "இல்லை, பேசவில்லை" என்று இரண்டே சொல். ஆனால் அவனை எடுத்துவிட்டால் திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவன் எங்கே இருப்பான் என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. நாளை ஒரு நாள் இருக்கிறதே, சனிக்கிழமை சொல்லிவிடலாம். சனிக்கிழமை ஆய்வகத்தில் ஒருத்தி விடுப்பு; இவளுக்கு இரட்டை ஷிஃப்ட்.

ஞாயிறு காலை நீச்சல் கூடம் சந்தைக்கடையாக இருந்தது. விசில், ஒலிபெருக்கி, ஈரப் பெஞ்சுகள், எந்தத் துண்டு யாருடையது என்ற சண்டை. பிள்ளைகளின் புஜத்தில் மார்க்கரால் லேன் எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் தன் ஆறாம் எண்ணைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இரண்டாவது லேன் அம்மா கழுத்தில் நான்கு ஸ்டாப்வாட்ச்சுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். "வந்துட்டீங்களா! எங்க, உங்க வீட்டுக்காரர்? தம்பி வாரம் பூரா சொல்லிட்டிருந்தானே வருவாருன்னு. வாட்ச் பிடிக்க ஆள் பத்தலைன்னு அவரையும் நம்பிட்டிருக்கேன்."

"அவர்..." என்றாள் இவள்.

"லேட்டா வருவாரு ஆன்ட்டி" என்றான் சின்னவன்.

"ஆம்பளைங்களே இப்படித்தான்டா, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து எவ்வளவு நேரம்னு கேட்பாங்க" என்று சிரித்துவிட்டு ஒரு வாட்ச்சை இவள் கையில் திணித்தாள். "சொந்தப் பிள்ளைக்குச் சொந்த அம்மா நேரம் பார்க்கக் கூடாது. நீங்க என் பொண்ணைப் பாருங்க, ரெண்டாவது லேன். ஒரு நொடிகூடக் கூட்டிடாதீங்க தாயே."

சின்னவன் கிளம்பும்போது அவள் அவன் கையைப் பிடித்தாள். "டேய், ஒண்ணு சொல்லணும்."

"முடிச்சுட்டு வந்து கேட்கறேன்மா. விசில் ஊதப் போறாங்க." கையை உருவிக்கொண்டு ஓடினான்.

அவர்கள் அணி வரிசையாக மறுமுனை மேடைகளில் ஏறியது. கோச் அங்கே அடுத்த குழுப் பிள்ளைகளின் தொப்பிகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விசில் ஊதியது. எல்லாரும் பாய்ந்தார்கள். அவள் வாட்ச்சை அமுக்கினாள். கண்ணை இரண்டாவது லேனில் வைத்திருந்தாள். கடைக்கண் ஆறாவதில் இருந்தது. சின்னவன் முன்னால் வந்துகொண்டிருந்தான். கை சுற்றியது, தலை திரும்பியது, உள்ளே போனது. மறுபடி கை சுற்றியது, தலை திரும்பியது.

உள்ளே போகவில்லை.

நடுக்குளத்தில் நின்றுவிட்டான். பக்கத்து லேன் பிள்ளைகள் அவனைத் தாண்டிப் போனார்கள். கேலரியில் யாரோ "போடா, போடா!" என்று கத்தினார்கள். அவன் முகம் கரையோரப் பெஞ்சைப் பார்த்தபடி இருந்தது. வாய் திறந்திருந்தது, சிரிக்கிறானா என்று தோன்றியது. முகம் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. மேலே வந்தது, அப்போதும் அதே பக்கம். மறுபடி அமிழ்ந்தது. கோச் குனிந்து ஒரு பெண்ணின் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டாப்வாட்ச் தரையில் விழுந்து உருண்டது. செருப்புக் காலோடு அவள் ஓடினாள்.

"ஏங்க! டைம்! என் பொண்ணு டைம்!" என்று பின்னால் குரல் கேட்டது.

ஈரத் தரையில் குப்புற விழுந்து, கரையைத் தாண்டிக் கையை நீட்டி, அவன் புஜத்தைப் பிடித்துவிட்டாள். ஆறாம் எண் அவள் விரல்களுக்கடியில் வழுக்கியது. இழுத்துக் கரையோரம் சேர்த்தாள். அவன் இருமினான். மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. மூச்சு வந்ததும் முதல் வேலையாக அவள் முகத்தைக் கையால் ஒதுக்கினான்.

"நகரும்மா. மறைக்கற."

"என்னடா, எங்க வலிக்குது?"

"அப்பாவை மறைக்கற. பெஞ்சுல இருந்தாரும்மா. நான் நின்னதும் எழுந்துட்டாரு. கோபம் போல. அங்க பாரு, கதவுகிட்ட!"

அவள் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் வரிசையாகத் துண்டுகள் கிடந்தன. நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. தரையெல்லாம் ஈரக் கால்தடங்கள். நூறு பேர் நடந்த இடம். எது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. அதற்கு அப்பால், வெளியே போகும் ஸ்பிரிங் கதவு, யாரோ இப்போதுதான் தள்ளிக்கொண்டு போனது போல, மெல்ல மெல்லத் தானாக மூடிக்கொண்டிருந்தது.

கோச் ஓடிவந்தாள். பெரியவள் ஓடிவந்து தண்ணீரோரம் மண்டியிட்டாள். ஒலிபெருக்கி நின்றுவிட்டது.

"கூப்பிடும்மா" என்றான் சின்னவன். "நீ கூப்பிட்டா நிப்பாரு."

"கண்ணா" என்றாள். "அப்பா போயிட்டாருடா."

"அதான் சொல்றேன்! போயிட்டாரு! ஓடிப்போய்க் கூப்பிடும்மா, இன்னும் படிகிட்டதான் இருப்பாரு!" அவன் சுவரில் காலை உதைத்து மேலே ஏறப் பார்த்தான். அவள் இரண்டு தோள்களையும் அழுத்திப் பிடித்தாள். அவன் திமிறினான். "விடும்மா, நான் போறேன். நானே அவர்கூடப் போறேன்!"

பெரியவள் "ம்மா" என்றாள். அவ்வளவுதான்.

அவள் அவன் காதுகளை மூடியிருந்த தொப்பியைப் பிய்த்து எடுத்தாள். முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கதவுப் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பினாள். கூடம் முழுக்கக் கேட்கும்படியான குரலில், வார்டுக்குப் போனில் சொல்லும் குரலில் அல்ல, தன் குரலில் சொன்னாள்.

"அப்பா செத்துப் போயிட்டாரு."